அடைப்புக்குறிக்குள்

ஜூன் 2, திங்கள்

'இதரம்' என்ற ஃபோல்டரை இன்று காலை திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டுக் கை கழுவினேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

புது நோட்டு என்பதால் முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். கரைப்பட்டியல் எங்கள் குழுவின் மென்பொருள். புயலடித்தால் கடலோர ஊர்களிலிருந்து இரண்டு பட்டியல்கள் வரும். கடலுக்குப் போய் இன்னும் திரும்பாதவர்கள் ஒன்று, வேறு ஏதோ கரையில் ஒதுங்கிப் பிழைத்தவர்கள் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டு, இன்னும் யாரைத் தேட வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலை. அது யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். பத்துப் பேர் பன்னிரண்டு வருஷமாகச் சும்மா உழைத்து ஓட்டுகிறோம். நான் ஈரோட்டில் பாலிடெக்னிக் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இதையும் பார்க்கிறேன்.

இப்போது ஒரு ரத்ததானக் குழுவும் வெள்ள நிவாரண முகாம் நடத்தும் இரண்டு குழுக்களும் எங்கள் துண்டு துணுக்குகளைக் கேட்கிறார்கள். பெயரை ஒப்பிடுவது, தேதியை மாற்றுவது, போன் நம்பரைச் சரிபார்ப்பது மாதிரி எல்லோருக்கும் ஆகிற சின்னச் சின்ன நிரல்கள். அவற்றைப் பிரித்து, தனித்தனிப் பொதிகளாகக் கட்டி, பெயர் ஒட்டி, ஜூலை ஒன்றாம் தேதி வெளியிட வேண்டும். வெளியீட்டுப் பொறுப்பு ஆம்பூர் நஸ்ரீனுடையது. இந்த வேலையை யார் தலையில் கட்டலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கு ஆச்சரியம். எனக்குச் சுத்தம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்த 'இதரம்' ஃபோல்டரில் மொத்தம் 214 துண்டுகள். எண்ணி முடிந்தது.

ஜூன் 3, செவ்வாய்

'சரி_பண்ணு' என்று ஒரு துண்டு. 'சரி_பண்ணு2' என்று ஒன்று. 'சரி_பண்ணு_கடைசி'. 'சரி_பண்ணு_கடைசி_உண்மையா'. நான்கும் நான்கு விதமாகத் தப்புப் பண்ணுகின்றன. எந்த ஜென்மம் எழுதியதோ தெரியவில்லை.

தேதியை மாற்றுவதற்கு மட்டும் ஐந்து. துணைக்கால் என்று நினைத்து 'ர' அடித்துவிடுகிறவர்களுக்காக ஒன்று. அதன் தலையில் "கண்ணாடி போட்டுக்கொள்ளவும்" என்று நகைச்சுவை வேறு. அந்த மனிதரைப் பார்த்தால் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழே ஒரு கவர் நிறைய கவர்கள் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் மேஜை டிராயர் நிறைய பழைய சார்ஜர் ஒயர்கள். எறியப் போனால், "உடு கலா, எதுக்காச்சும் ஆகும்" என்பார். 'இதரம்' என்பது பத்துப் பேர் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாக 'எதுக்காச்சும் ஆகும்' என்று சொன்னதன் பலன். சகிக்கவில்லை.

தேதித் துண்டுகள் ஐந்தையும் ஒன்றாக்கினேன். முடிந்தது.

ஜூன் 5, வியாழன்

ஔவையை 'ஒ' 'ள' என்று பிரித்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் திருத்த யாரோ ஒரு துண்டு எழுதியிருக்கிறார். 'ஒ'வுக்குப் பின்னால் 'ள' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஔ' ஆக்கிவிடும். ஔவை பிழைத்தாள். ஒளிமுத்து என்று பெயர் வைத்துக்கொண்டு கடலுக்குப் போன மனிதர்தான் பாவம், பட்டியலில் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் தொங்குகிறார். ஆறு வருஷமாக இது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

இவர்கள் சாப்பிட்ட தட்டையாவது கழுவுவார்களா என்று சந்தேகம் வருகிறது.

ஜூன் 8, ஞாயிறு

வாரக் கூட்டம், காலை பத்து மணி. ஏழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வீடியோவை அணைத்துவிட்டு இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். மெல்லுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒலியையும் அணைக்க வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். பொதிகளை, நிரல் சேமித்து வைக்கிற புதுக் களஞ்சியம் ஒன்றில் முதல் நாளிலிருந்து தொடங்குவோம், பழைய மாற்றங்களின் வரலாற்றைக் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றேன். நாலாயிரம் மாற்றம், அதில் பாதி "சும்மா", "பார்ப்போம்" என்ற தலைப்பில் இருக்கிறது. வெளியார் பார்த்தால் சிரிப்பார்கள்.

நஸ்ரீன் தயங்கினாள். "யாரு எத எழுதுனாங்கன்றது தெரியாம போயிடுமே அக்கா?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? எல்லாருமே சேர்ந்து எழுதுனதுதான்."

"பழசுல 'துடைப்பம்'னு ஒரு பேர் வருதே, அது யாருக்கா?"

"ஆரம்பத்துல இருந்த ஆளு. இப்பத் தொடர்புல இல்ல."

எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். இட்லி தின்றவர்களும் சரி என்றார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது.

ஜூன் 11, புதன்

கம்பி விட்டுப் பார்த்தோம், வரவில்லை. என் வீட்டுக்காரரே குழாயைக் கழற்றினார். உள்ளேயிருந்து முடி, சோறு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து கறுப்பாக ஒரு உருண்டை வந்தது. அதை அவர் கையில் எடுத்து என்னிடம் காட்டினார். "பாரு, எத்தன வருசத்து சமாச்சாரம்."

"அதைய எதுக்குங்க எங்கிட்டக் காட்டறீங்க? கொண்டுபோய்க் கொட்டுங்க."

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

பொதிகளுக்குப் பெயர் வைத்தேன். தேதி, எண், எழுத்து, இடம், பெயர். மொத்தம் ஐந்து. 214 துண்டுகளில் 130 எதற்கும் ஆகாதவை, எறிந்துவிட்டேன். தேதி, எண், எழுத்து மூன்றும் கட்டியாயிற்று. முடிந்தது.

ஜூன் 13, வெள்ளி

இடப் பொதி கட்டியாயிற்று. பெயர்ப் பொதியில் கை வைத்தேன். தலைப்பெழுத்தைப் பிரிப்பது, திரு, திருமதியை நீக்குவது, எழுத்துப் பிழையை மன்னிப்பது, எல்லாம் ஓரளவு ஒழுங்காக இருக்கின்றன.

'சுத்தம்' என்று ஒன்று மிச்சம். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சின்னதுதான், பதினோரு வரி.

ஜூன் 15, ஞாயிறு

கூட்டத்தில் நஸ்ரீன் விடவில்லை. "சுத்தம்தானே அக்கா எல்லாத்துக்கும் அடிப்படை. நம்ம மென்பொருள் முப்பத்தோரு எடத்துல அதைக் கூப்பிடுது. அதை முதல்ல கொடுங்க, ரத்ததானக் குழு சோதிச்சுப் பார்க்கணும்னு கேக்கறாங்க."

அப்படியே கொடுத்துவிட்டேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

யாரோ ஒருவர் பழையதைக் கிளறினார். அந்தப் புயலின்போது பெயர்க் குளறுபடி ஒன்று நடந்ததே, அது இதனால்தானா என்று. இல்லை என்றேன். அது தட்டச்சுப் பிழை. அப்போதே விசாரித்து எழுதி வைத்திருக்கிறோம்.

எழுதி வைத்ததை இங்கேயும் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு டிசம்பரில் புயல். சங்குமுனை ஊர்ப் பட்டியலை அடித்தவன் அருள்ராயன், அந்த ஊர்க்காரன், குழுவுக்குப் புதுசு. திரும்பாதவர் பட்டியலில் ச. அந்தோணிராசு என்று இரண்டு பேர். அதில் ஒருவர் மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் ஒதுங்கினார். ஆனால் மென்பொருள் இரண்டு பேரையும் ஒருவராக எண்ணி, அந்தப் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இருவரும் கிடைத்துவிட்டார்கள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. தப்பு தெரிய 41 மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது அந்தோணிராசு அதன் பிறகு கிடைக்கவேயில்லை.

அருள்ராயன் பிரித்துக் காட்டாமல் அடித்ததால் வந்த பிழை என்று குழு முடிவு செய்தது. அவனுடைய அனுமதியை நீக்கினோம். குழுவுக்கான கடிதத்தை நான்தான் எழுதினேன். "விவரம் தெரியாதவர்கள் கையில் பட்டியலைக் கொடுக்கக் கூடாது" என்பது என் வாக்கியம். அப்போது எல்லோரும் கச்சிதமாக இருக்கிறது என்றார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். ஆய்வகத்தில் எலி செத்துக் கிடந்து நாறியது. எந்தக் கணினிக்குப் பின்னால் என்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நானே அட்டையில் தள்ளி எடுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து 'சுத்தம்' துண்டைத் திறந்தேன். தலையில் இப்படி இருக்கிறது:

"பெயரில் ஒட்டியிருக்கும் அழுக்கை நீக்குகிறது: புள்ளி, இரட்டை இடைவெளி, அடைப்புக்குறி, அடைப்புக்குறிக்குள் இருப்பது. முடிந்தது."

மூடிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

நஸ்ரீன் ஆய்வகத்துக்கே போன் செய்தாள். ரத்ததானக் குழு 'சுத்தத்தை' சோதித்துப் பார்த்திருக்கிறது. அவர்கள் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், "மஞ்சள் காமாலை வந்தவர், அழைக்க வேண்டாம்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் துண்டு அதைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை அழைக்க வேண்டியவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டது. பட்டியலைக் கண்ணால் பார்த்த அம்மாள் ஒருவர் பிடித்துவிட்டார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நஸ்ரீன் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தேவையில்லை.

"அக்கா, யாரு எழுதுனதுன்னு பார்த்தேன். எல்லா வரியிலயும் அருள்ராயன் பேர்தான் காட்டுது. அன்னிக்கு அனுப்புனோமே, அவருதானே?"

ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயரைக் காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் 'பிளேம்', அதாவது பழி என்றே பெயர். அருள்ராயன் குழுவுக்கு வந்த முதல் வாரத்தில் அந்தக் கோப்பில் வரிகளின் இடைவெளியை நேராக்கினான். வேறு ஒன்றும் செய்யவில்லை. அதனால் பதினோரு வரியும் அவன் பெயரில் நிற்கின்றன. ஒரு படி பின்னால் போய்ப் பார்த்தால் உண்மையாக எழுதியவர் பெயர் வரும். யாரும் ஒரு படி பின்னால் போவதில்லை.

"அவருதானே அக்கா?" என்று மறுபடியும் கேட்டாள்.

நான் "ம்" என்றேன்.

ஜூன் 19, வியாழன்

"ம்". அந்த ஒரு எழுத்து நேற்றிலிருந்து வாயிலேயே கிடக்கிறது. பல் தேய்த்தாலும் போகவில்லை.

எழுதிவிடுகிறேன். துடைப்பம் நான்தான். குழு தொடங்கிய காலத்தில் பெண் பெயரைப் பார்த்ததும் வந்து பாடம் நடத்துகிறவர்கள் இருந்தார்கள், அதனால் அந்தப் பெயரில் எழுதினேன். 'சுத்தம்' என் பிள்ளை. எழுதிய நாளில் பெருமையாக இருந்தது. ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தெரிந்ததெல்லாம், பெயர் என்றால் ஒரு தலைப்பெழுத்து, ஒரு பெயர். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கட்டையன், வெள்ளை என்றெல்லாம் வந்தால், யாரோ பட்டியலில் விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

அருள்ராயன் சரியாகத்தான் அடித்திருந்தான். ச. அந்தோணிராசு (கட்டையன்). ச. அந்தோணிராசு (வெள்ளை). ஒதுங்கியவர் கட்டையன். என் துண்டு இருவரின் பட்டப்பெயரையும் தின்றது. மிச்சமிருந்தது ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து, ஒரே ஊர். ஒருவர் என்று எண்ணிவிட்டது.

அவன் அன்றைக்கே கூட்டத்தில் சொன்னான். "அடைப்புக்குறிக்குள்ள போட்டேன்க்கா, நிரல்தான் அத திங்குது." யாரோ அந்தப் பழிக் கட்டளையை ஓட்டி, "நிரல்லயும் உங்க பேர்தானே இருக்கு" என்றார்கள்.

இதற்குமேல் இருப்பதுதான் நாற்றம். அன்று மாலையே நான் ஒரு படி பின்னால் போய்ப் பார்த்தேன். துடைப்பம் என்று இருந்தது. கணினியை மூடிவிட்டு வந்து, மறுநாள் காலை அந்தக் கடிதத்தை எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன்.

இந்தப் பொதி வேலையைக் கேட்டு வாங்கியதும், வரலாறு வேண்டாம் என்றதும் எதற்கு என்று இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. த்தூ.

ஜூன் 20, வெள்ளி

காப்பி ஆற்றிக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அந்தாளுகிட்டச் சொல்லிப்போட்டியா?"

"இன்னும் இல்லீங்க. மொதல்ல குழுவுல சொல்லோணும்."

"ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தது இதுக்குத்தானா. நானு அந்தக் கொழாய் சமாச்சாரம்னு நெனச்சேன்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னால இதுக்கு ஒண்ணுஞ் சொல்ல முடியல கலா. எனக்கே சங்கட்டமா இருக்குது."

சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. அதுவும் கேவலம்தான்.

ஜூன் 22, ஞாயிறு

கூட்டத்தில் சொன்னேன். ஒன்பது பேர் இருந்தார்கள். வாசித்தே சொன்னேன், இல்லாவிட்டால் வழுக்கியிருப்பேன்.

பிறகு ஒருவர், "விடுங்க மேடம், பழைய கதை" என்றார். இன்னொருவர், "எல்லாருக்கும் நடக்கறதுதான், தைரியமா சொன்னீங்க, பாராட்டணும்" என்றார். கைதட்டுகிற பொம்மைப் படங்கள் திரையில் மிதந்தன. ஒரு மனிதன் செத்துப் போனதற்கும் இன்னொரு மனிதனைத் திருடனைப்போல அனுப்பியதற்கும் சேர்த்து எனக்குக் கைதட்டினார்கள். இவர்கள் மன்னிக்கிற வேகத்தைப் பார்த்தால் குமட்டுகிறது. அன்றைக்கு அருள்ராயனுக்கு இதில் ஒரு துளி கிடைக்கவில்லை.

நஸ்ரீன் மட்டும் கைதட்டவில்லை. "நீங்க அன்னிக்கு எழுதுன மெயில் இன்னும் இருக்கு. அத எடுத்துப் படிச்சிட்டு வரேன்" என்றாள். ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். திரும்பி வந்து, "வரலாற்றோடதான் பொதியைக் கொண்டுபோறோம். ஒரு வரி குறையக் கூடாது. வெளியீட்டுத் தேதியைத் தள்ளி வைக்கிறேன்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

பத்து மணிக்கு அருள்ராயனுக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"சொல்லுங்கக்கா."

நேற்று வாசித்ததையே வாசித்தேன். அவருக்குப் பின்னால் ஐஸ் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"துடைப்பம் நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா."

"எப்படி?"

"பின்னால போயி பாத்தேம்லா. துண்டுக்குத் தலையில 'முடிந்தது'ன்னு போட்டிருக்கு. நீங்க குழுவுல மெசேஜ் போட்டாலும் கடைசியில அதத்தான போடுவிய. வேற யாரும் போட மாட்டாவ."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் அசிங்கம் தெரிந்தது.

"சொல்லி? நிரல் திங்குதுன்னு சொன்னதுக்கே, 'விவரம் தெரியாம பேசாதீங்க'ன்னிய. அதுக்கு மேல உங்க பேரையும் சொன்னா விட்டிருப்பியளா?"

குழுவின் பதிவில் அவர் பெயரைத் திருத்திவிடுகிறோம், கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம், அனுமதியையும் கொடுக்கிறோம் என்றேன்.

"அதெல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க. எனக்குக் குழு பெருசில்லக்கா. வெள்ளை அண்ணன் வீடு எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். பிலோமி மயினி மொகத்துல முழிச்சு மூணு வருசமாச்சு. கோயிலுக்குப் போணும்னாலும் அந்தத் தெருவ விட்டுட்டு கடப்புறம் சுத்தித்தான் போறேன். பட்டியலத் தப்பா அடிச்சவன் நான்னுதான் ஊரு முழுக்க பேச்சு. நீங்க வந்து அவியட்ட சொல்லுங்க. போன்ல வேண்டாம்."

வருகிறேன் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

நேற்றுப் பகலில் பஸ் மாறி மாறித் தூத்துக்குடி வந்து தங்கினேன். விடுதிப் போர்வை நாறியது. இன்று காலை ஒன்பதரைக்குச் சங்குமுனையில் இறங்கினேன். அருள்ராயன் பஸ் நிறுத்தத்தில் நின்றார். தெருமுனை வரை வந்து, "மூணாவது வீடு, நீல கேட்டு" என்று கை காட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

பிலோமி தையல் மெஷினில் இருந்தார். பள்ளிக்கூடம் திறந்த நேரம், சுற்றிலும் நீலப் பாவாடைகள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"அருளு ஆள் விட்டுச் சொன்ன ஈரோட்டு டீச்சரா? இரிங்க."

உட்கார்ந்து சொன்னேன். பழிக் கட்டளை, களஞ்சியம், வரலாறு எல்லாம் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், அருள்ராயன் சரியாகத்தான் அடித்தார், தப்பு நான் எழுதியது, அது எனக்கு அப்போதே தெரியும், நாற்பத்தொரு மணி நேரம் உங்கள் வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் இல்லாமல் போனது என்னால் என்றேன்.

அவர் தைத்துக்கொண்டிருந்த ஓரத்தை முடித்து நூலைக் கடித்தார்.

"மணி நேரமெல்லாம் எனக்குத் தெரியாது. கெடச்சிட்டாவன்னு கோயில் மைக்குல சொன்னாவ. நான் ரெண்டு நாளு அவியளுக்கும் சேத்து சோறு பொங்குனேன். தேடப்போன போட்டுல எங்க அண்ணம்மாரு ரெண்டு பேரும் இருந்தாவ. கெடச்சாச்சுன்னு ஒயர்லெஸ்ல கேட்டுட்டு அவியளும் திரும்பிட்டாவ."

போட்டு திரும்பியது எனக்குத் தெரியாது. எங்கள் பதிவில் அது இல்லை. மூன்று வருஷமாக எனக்கு 41 என்ற எண் மட்டும்தான் இருந்தது.

"அடைப்புக்குறி, அடைப்புக்குறின்னு சொல்லுதியளே, அப்படின்னா என்ன?"

மெஷின் பலகையில் தையல் சாக்பீஸ் கிடந்தது. எடுத்து இரண்டு வளைவு போட்டுக் காட்டினேன்.

"இதுக்கு நடுவுல?"

நடுவில் 'வெள்ளை' என்று எழுதினேன். அவர் வாசித்தார்.

"எங்க மாமனாருக்கும் இதான் பேரு. எம் மவனயும் ஊர்ல வெள்ளை மவம்பாவ. இந்தத் தெருவுல மட்டும் நாலு அந்தோணிராசு இருக்காவ டீச்சர். இத என்னன்னு நெனச்சு எடுத்திய?"

பொய் சொல்ல ஒன்றிரண்டு நல்ல வார்த்தைகள் வாய் வரை வந்தன. தேவையற்ற குறிப்பு, கூடுதல் விவரம் என்றெல்லாம்.

"அழுக்குன்னு நெனச்சேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. அடுத்த பாவாடையை எடுத்து மெஷினில் வைத்தார். இரண்டு ஓரம் தைத்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"அருளு வெளிய நிக்கானா?"

"தெருமுனையில இருக்காரு."

"இந்த வழியா வரச் சொல்லுங்க. கடப்புறம் சுத்த வேண்டாம்."

சரி என்றேன். எழுந்தேன். கேட்பதற்கு வாய் கூசியது, ஆனாலும் கேட்டேன். இனி இப்படி நடக்கக் கூடாது என்பதற்காக மென்பொருளில் ஒரு சோதனை எழுதப் போகிறேன், அதில் அவர் வீட்டுக்காரர் பெயரைப் போடலாமா என்று.

"போடுங்க. முழுசாப் போடுங்க." பிறகு, "பன்னெண்டு மணிக்கு பஸ். நீங்க கெளம்புங்க டீச்சர்" என்றார்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. தெருமுனையில் அருள்ராயனிடம் சொன்னேன். அவர் அந்தத் தெருவுக்குள் நடந்தார். செருப்பைக் கழற்றி நீலக் கேட்டுக்கு வெளியே விடுவது வரை பார்த்துவிட்டு நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

ஜூன் 28, சனி

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். 'சுத்தம்' கூப்பிடப்படுகிற முப்பத்தோரு இடத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இருபத்தாறு இடத்தில் அது தேவையே இல்லை. 'எதுக்காச்சும் ஆகும்' என்று போட்டு வைத்திருக்கிறோம். எடுத்துவிட்டேன். மிச்சம் ஐந்தில் புள்ளியையும் இடைவெளியையும் மட்டும் தொட விட்டேன். 'சுத்தம்' என்ற பெயரையும் மாற்றினேன். இப்போது அதற்கு 'இடைவெளி_நேராக்கு' என்று பெயர். அருள்ராயன் முதல் வாரத்தில் செய்தது அந்த வேலைதான்.

பழைய கடிதத்தைத் திரும்பப் பெறும் கடிதமும் போனது. அதில் அழகான வாக்கியம் எதுவும் வராமல் மூன்று தடவை திருத்தினேன்.

கட்டையன் என்கிற அந்தோணிராசுவிடமும் அருள்ராயன் போய்க் கேட்டுவிட்டார். போட்டுக்கொள்ளச் சொன்னாராம்.

ஜூன் 30, திங்கள்

பெயர்ப் பொதி தயார். பழைய வரலாறு முழுவதும் உள்ளே இருக்கிறது, "சும்மா", "பார்ப்போம்" உட்பட. பழைய பதினோரு வரிக்கும் பக்கத்தில் துடைப்பம் யார் என்று என் முழுப்பெயரோடு எழுதியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பொதியை யார் எடுத்தாலும் முதலில் ஓடுகிற சோதனை இது:

ச. அந்தோணிராசு (வெள்ளை), சங்குமுனை.
ச. அந்தோணிராசு (கட்டையன்), சங்குமுனை.
இவர்கள் இருவர்.

சரிபார்க்கிற பொறுப்பை நஸ்ரீன் அருள்ராயனுக்குக் கொடுத்திருந்தாள். அவர் மத்தியானம் ஒப்புதல் போட்டார். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "அக்கா, கடைசியில வழக்கமாப் போடுற 'முடிந்தது' விட்டுப்போச்சு."

விட்டுப்போகவில்லை என்று பதில் எழுதினேன்.